பிணையாத மூலக்கூறுகளும் வேண்டும்



ஒரு மருந்து மூலக்கூறு ஒரு புரதத்தில் எந்த இடத்தில் போய் ஒட்டும், எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதைச் சோதனைக்கூடத்துக்குப் போகுமுன்பே கணினி சொல்லிவிடுமா? இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். சொல்லிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்கும் மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போன பிறகு அந்த எண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பரிசு, புதுப் புரதங்களை வடிவமைத்ததற்கும், அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணித்ததற்கும் தரப்பட்டது. அந்த வடிவத்துக்குள் ஒரு மருந்து போய் உட்காருவது வேறு கணக்கு. எவ்வளவு வேறு என்பதை ஒரே ஒரு மருந்தை வைத்துக் காட்டிவிடலாம்.

இமாட்டினிப் என்ற மருந்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. கிளிவெக் என்ற பெயரில் அதை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம், அதன் படிக வடிவம் ஒன்றுக்குக் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பு உறுதியானது. இந்த மருந்தை நம்பி உயிர் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

சி.எம்.எல். எனப்படும் இரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஒட்டுப்புரதம் உருவாகிறது. இது ஒரு கைனேஸ்: ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் பொருத்தும் நொதி. சாதாரண ஏ.பி.எல். தேவைப்படும்போது வேலை செய்து, பிறகு அடங்கிவிடும். இந்த ஒட்டுப்புரதம் அடங்குவதே இல்லை. செல்கள் பெருகிக்கொண்டே போகின்றன. இமாட்டினிப், ஏ.டி.பி. உட்காரும் குழியிலும் அதை ஒட்டி உள்ளே போகும் இடுக்கிலும் நுழைந்து, நொதியை அதன் செயலற்ற நிலையிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. 2001 மே மாதம் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அதே ஆண்டிலேயே சில நோயாளிகளிடம் மருந்து வேலை செய்யாமல் போவதும் தெரியவந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் அந்தப் புரதத்தின் 315ஆம் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே இயல்பாக இருப்பது த்ரியோனைன் என்ற அமினோ அமிலம். உள் இடுக்குக்குப் போகும் வழியில் நிற்பதால் இந்தத் துறையில் அதை வாயிற்காவலன் என்றே குறிப்பிடுவார்கள். அதன் ஓர் ஆக்சிஜன் அணு, இமாட்டினிபின் நடுவே உள்ள நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதியோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பைப் போட்டுக்கொள்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே ஐசோலூசின் வந்துவிடும். அதோடு அந்த ஆக்சிஜன் போய்விடும். கொழுப்புத் தன்மையுள்ள பருத்த பக்கத்தொகுதி ஒன்று வழியில் துருத்திக்கொண்டு நிற்கும். புரதத்தின் மொத்த வடிவத்தைப் பார்த்தால் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. மருந்து மட்டும் பயனற்றுப் போயிருக்கும்.

இதற்கு விடையாக 2012இல் ஒப்புதல் பெற்ற பொனாட்டினிப் என்ற மருந்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை வடிவமைத்த வேதியியலர்கள் மூலக்கூறின் நடுவில் இரண்டு கார்பன் அணுக்களை மும்மைப் பிணைப்பால் இணைத்தார்கள். மும்மைப் பிணைப்பு நேர்கோடாக, மெல்லியதாக இருக்கும். ஐசோலூசினின் அந்தப் பருத்த தொகுதியை உரசாமல் பக்கவாட்டில் கடந்து உள்ளே போக அந்த மெலிவு போதுமானதாக இருந்தது. மருந்து வடிவமைப்பு என்பது இந்த அளவில் நடக்கிற வேலை. ஓர் ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு, இங்கே பெரிய தூரம்.

இமாட்டினிப் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. ஏ.பி.எல்.லுக்கு நெருங்கிய உறவான எஸ்.ஆர்.சி. என்ற கைனேஸ் உண்டு. இரண்டின் குழியிலும் மருந்தைத் தொடும் அமினோ அமிலங்கள் ஏறக்குறைய ஒன்றே. மருந்து பிணைந்த நிலையில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படிக அமைப்புகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் இமாட்டினிப் ஏ.பி.எல்.லில் பிணையும் வலிமை, எஸ்.ஆர்.சி.யில் பிணைவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இந்தப் புதிர் பல ஆண்டுகள் ஆய்வாளர்களை அலைக்கழித்தது. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டோரத்தே கெர்னின் குழு 2014இல் வெளியிட்ட அளவீடுகள், வேறுபாடு பெரும்பாலும் மருந்து உள்ளே வந்த பிறகு புரதம் மெதுவாகத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் படியில்தான் இருக்கிறது என்று காட்டின. ஏ.பி.எல். மருந்தைச் சுற்றி நன்றாக மூடிக்கொள்கிறது, எஸ்.ஆர்.சி. அவ்வளவாக மூடிக்கொள்வதில்லை. எமில் ஃபிஷர் 1894இல் பூட்டும் சாவியும் என்றார். டேனியல் கோஷ்லேண்ட் 1958இல், சாவி நுழையும்போது பூட்டே வளைந்து கொடுக்கிறது என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தின் முழுக் கனமும் இங்கே தெரிகிறது: படிகத்தில் எடுத்த நிலைப்படத்தை மட்டும் பார்க்கிற எந்தக் கணிப்புமுறைக்கும் இந்த ஆயிரம் மடங்கு அகப்படாது.

ஏன் இவ்வளவு கடினம்? கொஞ்சம் ஆற்றல் கணக்கைப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோகலோரி மாறினால் பிணைப்பு வலிமை 10 மடங்கு மாறிவிடும். ஒரே ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பின் மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். இன்னொரு பக்கம், மருந்து உள்ளே போகுமுன் அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இருந்தன, குழிக்குள்ளும் நீர் இருந்தது. அவற்றோடு இருந்த பிணைப்புகளையெல்லாம் விட்டுக்கொடுத்துத்தான் புதுப் பிணைப்புகள் வருகின்றன. வெளியேறிய நீருக்குச் சுதந்திரம் கூடுகிறது. மருந்துக்கும் புரதத்துக்கும் குறைகிறது. இப்படிப் பெரிய வரவுகளையும் பெரிய செலவுகளையும் கழித்துப் பார்த்தால் கடைசியில் மிஞ்சும் சிறு தொகைதான் பிணைப்பு வலிமை. வரவிலோ செலவிலோ சிறு பிழை நேர்ந்தாலும் மிச்சம் தலைகீழாகிவிடும்.

கணினியில் இதைச் செய்யும் முயற்சி 1982இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில், இர்வின் குன்ட்ஸ் குழுவின் டாக் என்ற நிரலோடு தொடங்கியது எனலாம். மூலக்கூறைக் குழிக்குள் பல நிலைகளில் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவது அதன் வழி. இன்று நம் மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆட்டோடாக் வினா 2010இல் வந்தது. எந்த நிலையில் உட்காரும் என்பதை இவை ஓரளவு நன்றாகச் சொல்கின்றன. எவ்வளவு இறுக்கம் என்பதில் தடுமாறுகின்றன. காரணத்தை இப்போதுதான் சொன்னேன். அந்த மதிப்பெண் சூத்திரங்களை மனிதர்கள் எழுதுவதற்குப் பதிலாக, தெரிந்த விடைகளைக் காட்டி எந்திரமே கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் இயந்திரக் கற்றலின் நுழைவு.

கற்பதற்குப் பாடம் வேண்டும் அல்லவா? 1971இல் ஏழே புரத அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் 2023இல் இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றில் மருந்து போன்ற மூலக்கூறு பிணைந்திருப்பதோடு, பிணைப்பு வலிமையும் அளக்கப்பட்டவற்றைத் திரட்டிய பி.டி.பி. பைண்ட் என்ற தொகுப்பில் 2020 பதிப்பின்படி ஏறத்தாழ 19,000 இணைகள்தான் உண்டு. அந்த அளவீடுகளும் ஒரே தரத்தில் இல்லை. ஓர் ஆய்வகம் அளந்த எண்ணை இன்னோர் ஆய்வகத்தில் அளந்தால் இரண்டு மூன்று மடங்கு வேறுபடுவது சாதாரணம்.

இத்தனை சிறிய பாடத்தைப் படித்த எந்திரம் தேர்வில் அபாரமான மதிப்பெண் எடுத்தால் நாம் மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். அது எதைக் கற்றது?

டி.யு.டி.-இ என்ற தொகுப்பு 2012இல் வெளிவந்தது. 102 புரதங்கள், ஒவ்வொன்றுக்கும் உண்மையில் பிணையும் மூலக்கூறுகள், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஈடாக ஐம்பது போலிகள். போலிகளைப் பிரித்துக் காட்டுவதே தேர்வு. அதில் ஆழ்கற்றல் எந்திரங்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு எடுத்தன. 2019இல் ஓர் ஆய்வுக்குழு எளிய சோதனை ஒன்று செய்தது. எந்திரத்துக்குப் புரதத்தைக் காட்டாமலே, மூலக்கூறை மட்டும் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். மதிப்பெண் குறையவில்லை. புரதமே இல்லாமல் பிணைப்பைக் கணித்துவிட்டது எந்திரம்! அதாவது பிணைப்பைப் பற்றி அது எதையும் கற்றிருக்கவில்லை. பிணையும் மூலக்கூறுகளின் சாயலும் போலிகளின் சாயலும் அந்தத் தொகுப்பில் எப்படி வேறுபட்டிருந்தன என்பதைக் கற்றிருந்தது. இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்தப் போலிகளில் பெரும்பாலானவற்றை எவரும் சோதனைக்கூடத்தில் சோதித்ததில்லை. பிணையாது என்ற அனுமானத்தின் பேரில்தான் அவை போலிகள் ஆயின.

இந்த நிலை பழைய எந்திரங்களோடு முடிந்துபோகவில்லை. 2024 மே மாதம் வந்த ஆல்ஃபாஃபோல்ட் 3, புரதத்தையும் மருந்தையும் சேர்த்தே மடித்துக் காட்டும். அது பெரிய முன்னேற்றம். அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். ஆனால் 2025இல் பாசல் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் லில் குழுவினர் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். சி.டி.கே.2 என்ற கைனேஸில் ஏ.டி.பி. உட்காரும் குழியை எடுத்துக்கொண்டார்கள். அதன் சுவரில் உள்ள அமினோ அமிலங்களை எல்லாம் கிளைசினாக மாற்றினார்கள். கிளைசினுக்குப் பக்கத்தொகுதி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, ஏ.டி.பி.யைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆல்ஃபாஃபோல்ட் 3 உட்பட அந்த வகை எந்திரங்கள் ஏ.டி.பி.யைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தன. அடுத்து எல்லாவற்றையும் ஃபினைல்அலனைனாக மாற்றினார்கள். பருத்த வளையங்கள் குழியையே அடைத்துவிட்டன. அப்போதும் பல எந்திரங்கள் ஏ.டி.பி.யை அங்கேயேதான் திணிக்கப் பார்த்தன. கைனேஸ் என்றால் ஏ.டி.பி. இங்கே என்று மனப்பாடம் ஆகியிருக்கிறது.

இப்போது இமாட்டினிபை நினைத்துப் பாருங்கள். மொத்தக் குழியையும் அடைத்த பிறகும் பழைய விடையையே சொல்கிற எந்திரம், 315ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் மருந்து தோற்கும் என்று சொல்லும் என நம்பி ஒரு நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்ய முடியுமா?

இந்த இடத்தில் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் சேர்ந்து கொடுத்த வரைபடம், புரதம் பற்றிய பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. புரதச் சங்கிலியில் ஒவ்வோர் ஆல்ஃபா கார்பனின் இரு பக்கத்திலும் சுழலக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. எந்தக் கோணங்கள் சாத்தியம் என்று கண்டுபிடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் மிக எளிது. அதுவரை தெரிந்த படிக அமைப்புகளிலிருந்து, எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோணத்தில் அணுக்கள் அதைவிட நெருங்கினால் அந்தக் கோணம் விலக்கு. அவ்வளவுதான். இன்று உலகின் எந்த மூலையில் புரத அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்துத் தரவு வங்கிக்கு அனுப்பினாலும் அதன் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்ற வரி இருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2023இல் உருவான போஸ்பஸ்டர்ஸ் என்ற சோதனைத் தொகுதி, அதே கேள்வியை எந்திரங்களின் விடைகளிடம் கேட்டது. மருந்தின் அணுக்கள் புரதத்தின் அணுக்களுக்குள் புகுந்திருக்கின்றனவா? பிணைப்பு நீளம் இயற்கையில் காணக்கூடியதா? தட்டையாக இருக்க வேண்டிய வளையம் தட்டையாக இருக்கிறதா? இடக்கை வடிவம் வலக்கை வடிவமாகிவிட்டதா? அந்தக் கேள்விகளின் முன் அன்றைய ஆழ்கற்றல் முறைகள் தங்கள் பெருமையை இழந்தன. இயற்பியலுக்கு ஒவ்வாத விடைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, வினா போன்ற பழைய நிரல்களை அவற்றால் மிஞ்ச முடியவில்லை. ஆல்ஃபாஃபோல்ட் 3 அதே தேர்வில் நான்கில் மூன்று பங்கு சரியாகச் செய்தது. ஆனாலும் அதன் விடைகளில் 4.4 விழுக்காட்டில் கைவடிவம் பிறழ்ந்திருந்ததை அதன் ஆசிரியர்களே கட்டுரையில் எழுதினார்கள். அப்படி எழுதியதை நான் மதிக்கிறேன். கிண்டியில் கேட்ட கேள்வியின் ஆயுள் இவ்வளவு நீளம் என்பதை மாணவர்கள் மனதில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, இந்த எந்திரங்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அவை கொடுக்கும் வேகத்துக்கு ஈடே இல்லை. எம்.ஐ.டி.யும் ரிகர்ஷன் நிறுவனமும் சேர்ந்து 2025 ஜூனில் திறந்த மூலமாக வெளியிட்ட போல்ட்ஸ்-2, பிணைப்பு வலிமையையும் சேர்த்துக் கணிக்கிறது. இயற்பியல் அடிப்படையிலான நீண்ட கணக்கீடுகளின் துல்லியத்தை ஆயிரம் மடங்கு குறைந்த நேரத்தில் நெருங்குவதாக அதை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். பழகிய புரதக் குடும்பங்களில் அது உண்மையாகவே கைகொடுக்கும். புதுக் குடும்பத்தில், புது வகை மூலக்கூறில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பயிற்சியில் பார்த்தவற்றிலிருந்து விலக விலக இந்த எந்திரங்கள் தளர்ந்துபோகின்றன.

தளர்ச்சிக்கு மருந்து தரவுதான். அதிலும் பிணையாதவற்றைப் பற்றிய தரவு. 2019இல் பிரையன் ஷோய்ஷெட், ஜான் இர்வின் முதலியோர் செய்த வேலையை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவேன். டோப்பமைன் டி4 ஏற்பிக்குப் பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். இவை ஏற்கெனவே புட்டியில் இருந்தவை அல்ல. ஆர்டர் கொடுத்தால் செய்து தரக்கூடியவை. அவற்றில் 549 மூலக்கூறுகளை உண்மையிலேயே செய்ய வைத்துச் சோதித்தார்கள். 180 பிக்கோமோலார் அளவில் செயல்படும் ஒன்று அதில் கிடைத்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். நான் சொல்ல வருவது அந்த 549இன் தேர்வு முறையைப் பற்றி. முதல் வரிசை மதிப்பெண் வாங்கியவற்றோடு அவர்கள் நிற்கவில்லை. நடுத்தர மதிப்பெண் வாங்கியவை, மோசமான மதிப்பெண் வாங்கியவை என்று எல்லாத் தட்டிலிருந்தும் எடுத்துக் காசு செலவழித்துச் செய்து சோதித்தார்கள். மதிப்பெண் குறையக் குறைய வெற்றியும் குறைகிறது என்று அதனால்தான் அவர்களால் நிறுவ முடிந்தது. தோற்கும் என்று கணினி சொன்னதைத் தோற்கிறதா என்று பார்ப்பதற்கு எத்தனை ஆய்வுத் திட்டங்களில் பணம் ஒதுக்குகிறோம்?

பிற நாடுகளில் இதற்கு அமைப்புரீதியான முயற்சிகள் நடக்கின்றன. கேஷ் என்ற போட்டியில் பல குழுக்கள் கணித்துக் கொடுக்கும் மூலக்கூறுகளை ஒரே மையம் வாங்கிச் சோதித்து, வென்றவற்றையும் தோற்றவற்றையும் பொதுவில் வைக்கிறது. அதன் முதல் சுற்றுக்குப் பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய எல்.ஆர்.ஆர்.கே.2 புரதத்தின் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிரிட்டனில் டயமண்ட் சிங்க்ரோட்ரானை மையமாகக் கொண்ட ஓப்பன்பைண்ட் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் புரத-மருந்து அமைப்புகளைப் பிணைப்பு வலிமையோடு சேர்த்துத் தர வேண்டும் என்பது அதன் இலக்கு. நம்மிடமும் இந்தூரில் இன்டஸ்-2 சிங்க்ரோட்ரானும் அதில் புரதப் படிகவியலுக்கான கதிர்க்கற்றைத் தடமும் இருக்கின்றன. பெரிய கருவிகள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

நம் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்காக மூலக்கூறுகள் தொடர்ந்து செய்யப்படுகின்றன. செய்தவற்றை ஏதோ ஒரு புரதத்தின் மீது சோதிக்கிறார்கள். நன்றாக வேலை செய்த இரண்டு மூன்று கட்டுரைக்குப் போகின்றன. மற்றவை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையில், செயல்பாடு இல்லை என்ற இரண்டே சொற்களோடு கிடக்கின்றன. சில அந்த அட்டவணைக்கும் வருவதில்லை. அந்த வெற்று வரிகள்தான் உலகின் எந்த எந்திரத்துக்கும் கிடைக்காத பாடம். அவற்றைப் பொதுத் தரவுத்தளங்களில் இடுவதற்குக் கட்டணம் இல்லை. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. ஆய்வு வழிகாட்டிகள் நினைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.

தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயல்பாடு இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் செறிவு வரை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 10 மைக்ரோமோலார் வரை பார்த்துவிட்டு விட்டதற்கும் 100 வரை பார்த்ததற்கும் எந்திரத்துக்கு வேறு பொருள். மூலக்கூறு அந்தக் கரைசலில் உண்மையிலேயே கரைந்திருந்ததா, புரதத்தின் எந்தப் பகுதியைப் பயன்படுத்தினீர்கள், அதில் ஏதேனும் அமினோ அமிலம் மாற்றப்பட்டிருந்ததா, வெப்பநிலை என்ன, எத்தனை முறை அளந்தீர்கள், நன்றாகப் பிணையும் என்று தெரிந்த ஒரு மூலக்கூறை அதே நாளில் அதே தட்டில் வைத்துப் பார்த்தீர்களா, அதற்கு என்ன எண் வந்தது, இவ்வளவையும் அந்த வரியிலேயே சேர்த்து எழுதுங்கள். கைவடிவம் இரண்டும் கலந்த மூலக்கூறாக இருந்தால் கலவை என்றே குறியுங்கள். சோதித்த தேதியையும் போடுங்கள்.